நாலு எழுத்து

'நாலு எழுத்துப் படிச்சிக்கோ, நாலு பேரு முன்னால நிக்கலாம்' என்று சொல்லிச் சொல்லித்தான் எங்க சேரியில் ஒவ்வொரு அம்மாவும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தினாள். தமிழில் 247 எழுத்து இருக்க, அதென்ன நாலு எழுத்து? எழுத்தே மறுக்கப்பட்ட சனங்கள் வைத்த கணக்கு அது. நாலு கிடைச்சாக்கூடப் போதும் என்று இருந்திருக்கிறது.

இப்போது நிஜமாகவே நாலே எழுத்தில் எழுதப்பட்ட ஒன்றைப் படிக்க வேண்டிய கட்டாயம் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஏ, டி, ஜி, சி. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நாலு வேதிப்பொருள்களின் முதலெழுத்து. இந்த நாலும் மாறி மாறி ஏறத்தாழ 300 கோடி இடங்களில் வரிசையாக நிற்பதைத்தான் மனிதனின் டி.என்.ஏ. என்கிறார்கள். இதை ஏன் இந்த இதழில் எழுதுகிறாய், இலக்கியத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும்.

நான் தமிழ் எம்.ஏ. அறிவியல் பத்தாம் வகுப்போடு சரி. என் அக்கா மகள் அரசுக் கல்லூரி ஒன்றில் உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறாள். எங்க வீட்டில் அந்தப் பக்கம் போன முதல் ஆள் அவள்தான். வகுப்பில் மரபியல் நடத்துகிற ஓர் ஆசிரியர் ஒருநாள் மார்க் குறைந்த பிள்ளைகளைப் பார்த்து, 'இதெல்லாம் ஜீன்லயே வரணும்' என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பிச் சிரித்திருக்கிறார். கடைசி பெஞ்சில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று இந்த இதழ் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் தலையெழுத்து என்றார்கள். பிறகு பூர்வஜென்மம் என்றார்கள். இப்போ ஜீன். சொல்தான் மாறுது, சிரிப்பு அப்படியே இருக்குது.

அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவள் கேட்டாள்.

"சின்னம்மா, ஜீன்ல சாதி இருக்குமா?"

"படிக்கிறவ நீ. நீதாம்மா சொல்லணும்."

"புக்குல அப்படி எதுவும் போடல."

"அப்ப உரையை உட்டுட்டு மூலத்தப் பாரு."

எங்கள் துறையில் கற்றுத் தந்தது அதுதான். உரையாசிரியர் என்ன சொல்கிறார் என்பது இருக்கட்டும், பாட்டில் என்ன இருக்கிறது என்று பார். மரபணுவுக்கு மூலத்தை எங்கே போய்ப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது. அதே வாரம் வகுப்பில் ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார்கள். தாள் நிறைய நாலு எழுத்து. இது எந்த உயிரினத்தின் எந்த மரபணு, இதில் ஏதாவது மாற்றம் உண்டா என்று இணையத்தில் தேடிக் கண்டுபிடித்து எழுதி வர வேண்டும். அவளுக்கு வந்தது 444 எழுத்து.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்துப் பெத்தெஸ்டாவில் தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையம் இருக்கிறது. 1988ல் தொடங்கினார்கள். அங்கேதான் ஜென்பேங்க் என்ற வரிசைக் களஞ்சியம். அது 1982லேயே லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. ஹிரோஷிமாவில் போட்ட குண்டைச் செய்த அதே இடம். எதெது எங்கெங்கே இருந்து முளைக்கிறது பாருங்கள். இங்கிலாந்திலும் ஜப்பானிலும் இதற்கு இரண்டு சகோதரக் களஞ்சியங்கள் உண்டு. மூன்றும் தினம் தினம் தங்களுக்கு வந்ததைப் பரிமாறிக்கொள்கின்றன. உலகத்தில் எவர் ஒரு மரபணு வரிசையைப் பற்றிக் கட்டுரை எழுதினாலும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் அந்த வரிசையைப் போட்டு எண் வாங்க வேண்டும். காசு கிடையாது. உறுப்பினர் அட்டை கிடையாது. யார் நீ, எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. எங்க ஊர் நூலகத்தில் எங்கப்பா வாசற்படியில் நின்று பேப்பர் படித்த கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது.

தேடுகிற கருவிக்குப் பெயர் பிளாஸ்ட். 1990ல் வந்தது. நம் கையில் உள்ள வரிசையைக் கட்டத்துக்குள் ஒட்டிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அது நம் வரிசையைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, களஞ்சியத்தில் எந்தப் பதிவில் அதே துண்டு கிடக்கிறது என்று முதலில் பார்க்கிறது. துண்டு பொருந்துகிற இடத்தில் நின்று இரண்டு பக்கமும் நீட்டிப் பார்க்கிறது. எவ்வளவு தூரம் பொருந்தி வருகிறதோ அவ்வளவு மதிப்பெண். இப்படித் தற்செயலாகப் பொருந்த எவ்வளவு வாய்ப்பு என்றும் ஓர் எண் தருகிறது. அந்த எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க, அது தற்செயல் இல்லை, உறவு என்று அர்த்தம்.

எனக்கு உடனே ஏட்டுச் சுவடிப் பதிப்புதான் ஞாபகம் வந்தது. ஒரே நூலின் பத்து ஏடுகளை எதிரெதிரே விரித்து வைத்து, எந்த இடத்தில் எந்த எழுத்து மாறுகிறது என்று பார்த்துப் பாடபேதம் குறிக்கிற வேலை. உ.வே.சா. காலத்தில் வருஷக்கணக்கில் நடந்தது. இது ஒரு நிமிஷத்துக்குள் கோடிக்கணக்கான ஏட்டைப் புரட்டிப் போட்டுவிட்டது. எழுத்தெண்ணிப் படித்தவன் என்று நம் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்களே, அது இதுதான் போலிருக்கிறது.

விடை வந்தது. மனிதனின் ஹெச்.பி.பி. மரபணு. பதினோராவது குரோமோசோமில் இருக்கிறது. ரத்தத்துச் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினில் பீட்டா சங்கிலி என்ற பகுதியைச் செய்வதற்கான எழுத்து. ரத்தம்! இத்தனை ஆயிரம் மரபணுவில் அவளுக்கு வந்து விழுந்தது ரத்தத்தின் மரபணு. பட்டியலில் மனிதனுக்குக் கீழே சிம்பன்சி, கொரில்லா என்று வரிசையாக நின்றன. பீட்டா சங்கிலியின் புரதத்தை எடுத்துக்கொண்டால் மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் வித்தியாசமே கிடையாது. கொரில்லாவோடு 146 இடங்களில் ஒரே ஓர் இடம்தான் மாறுகிறது. ஆண்ட ரத்தம், சிங்க ரத்தம் என்று போஸ்டர் அடிக்கிற தம்பிகளுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது. சிங்கம் இந்தப் பட்டியலில் ரொம்பக் கீழே இருக்கிறது.

எது சரியான வாசகம் என்று ஒப்பிட அவர்கள் ஒரு மாதிரிப் பதிவு வைத்திருக்கிறார்கள். என்.எம்._000518 என்று அதற்கு எண். அதை மேலேயும் இவள் தாளில் உள்ளதைக் கீழேயும் அடுக்கி, பொருந்துகிற ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் ஒரு சின்னச் செங்குத்துக் கோடு போட்டுக் காட்டுகிறது திரை. கோடு கோடாக, நாற்று நட்ட மாதிரி. முதல் வரியில் ஓர் இடத்தில் மட்டும் கோடு விட்டுப் போயிருந்தது.

"இன்னாடி அங்க ஓட்டை?"

"அதான் சின்னம்மா கேள்வியே."

நாலு எழுத்தையும் மும்மூன்றாகப் பிரித்துத்தான் படிக்க வேண்டும். செய்யுளை அசை பிரித்து அலகிடுவது மாதிரி. மூன்று எழுத்து ஓர் அமினோ அமிலம். மாதிரிப் பதிவில் ஏடிஜி ஜிடிஜி சிஏடி சிடிஜி ஏசிடி சிசிடி ஜிஏஜி ஜிஏஜி ஏஏஜி என்று போகிறது. இவள் தாளில் முதலில் வரும் ஜிஏஜி என்ற இடத்தில் ஜிடிஜி என்று இருந்தது. ஏ இருந்த இடத்தில் டி. அவ்வளவுதான். குளுட்டாமிக் அமிலம் வரவேண்டிய இடத்தில் வேலின் வந்துவிடுகிறது. பழைய பாடப்புத்தகத்தில் இதை ஆறாவது இடம் என்று போட்டிருக்கும், தரவுத்தளத்தில் ஏழாவது என்று இருக்கும். தொடக்கக் குறியான ஏடிஜியைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதுதான் வித்தியாசம். மாணவர்கள் இதில் குழம்பிப் போவதால் சொல்லிவைக்கிறேன்.

இந்த ஓர் எழுத்து மாற்றத்துக்குத்தான் அரிவாள் செல் சோகை என்று பெயர். வட்டமாக, நடுவில் பள்ளம் விழுந்து, வளைந்து கொடுக்கக்கூடியதாக இருக்கிற சிவப்பணு, ஆக்சிஜன் குறைகிறபோது விறைத்து, கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரி வளைந்துவிடுகிறது. சின்ன ரத்தக் குழாய்களில் மாட்டிக்கொண்டு அடைக்கிறது. எலும்பு, மூட்டு, நெஞ்சு எல்லாம் வலி. சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும். இது பத்து இருபது நாளில் செத்துப்போகும். அம்மாவிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று என்று இரண்டு பக்கத்திலிருந்தும் மாறின எழுத்து வந்தால்தான் நோய். ஒரு பக்கம் மட்டும் வந்தால் அவரைக் கேரியர் என்கிறார்கள். அவர் சாதாரணமாகத்தான் இருப்பார். அதுமட்டுமில்லை, கடுமையான மலேரியாவிலிருந்து அவருக்குப் பாதுகாப்பும் உண்டு. ஆப்பிரிக்காவில் இதை 1954லேயே ஆலிசன் என்ற மருத்துவர் காட்டினார். கொசு மொய்த்த காட்டில் அந்த ஓர் எழுத்து எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. பதிப்பாசிரியர் பேச்சில் சொன்னால் இது ஏட்டுப் பிழையா, பாடபேதமா? எந்த ஊரில் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

அவள் வீட்டுப்பாடம் அத்தோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை. அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஜென்பேங்க் பதிவு ஒன்றின் அமைப்பு சுவாரசியமானது. மேலே எண், தலைப்பு, உயிரினத்தின் பெயர், எந்தக் கட்டுரை, எழுதியவர் யார் யார், எந்த நிறுவனம், எப்போது சமர்ப்பித்தார்கள், எல்லாம் வரிசையாக வரும். கடைசியில் 'மூலம்' என்று பொருள்படும் ஒரு சொல். அதன் கீழே வரிக்கு 60 எழுத்தாகப் பத்துப் பத்தாகப் பிரித்து நாலு எழுத்து ஓடும். யார் உடம்பிலிருந்து அந்த மூலம் வந்ததோ அவர் பெயர் மட்டும் இருக்காது. இருக்கக் கூடாதுதான், அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் சில பதிவுகளில், சில திட்டங்களில், மக்கள் குழு என்று ஓர் அடையாளம் ஒட்டியிருக்கும். நாடு, இனம், சில சமயம் சாதி. எழுத்துக்குள்ளே இல்லாத சாதி, எழுத்துக்கு மேலே ஒட்டின சீட்டில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எல்லா மனிதர்களையும் ஒப்பிட வைத்திருக்கும் அந்த மாதிரி மரபுத் தொகுதி யாருடையது தெரியுமா? 1997ல் அமெரிக்காவின் பஃபலோ நகரத்துப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ரத்தம் தர ஆள் சேர்த்தார்கள். பெயரை மறைத்துவிட்டு எண் கொடுத்தார்கள். அதில் ஒரே ஒருவரிடமிருந்துதான் மொத்த மாதிரியில் ஏறக்குறைய 70 விழுக்காடு. அவருடைய வரிசையைப் பிறகு ஆராய்ந்தவர்கள், அவர் கறுப்பின வம்சாவளி உள்ள அமெரிக்கராக இருக்க வேண்டும் என்று கணித்திருக்கிறார்கள். மனு எழுதி வைத்த ஆதர்ச மனிதன் யார் தலையிலிருந்து பிறந்தானோ, உலக விஞ்ஞானிகள் எதிரில் வைத்துப் பார்க்கிற ஆதர்ச மனிதன் பெரும்பாலும் இந்தப் பெயர் தெரியாத கறுப்பர். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

அரிவாள் எழுத்துக்குத் தரவுத்தளத்தில் தனி எண் இருக்கிறது, ஆர்.எஸ். 334 என்று. அதைத் தட்டினால் உலகத்தில் எந்த மக்களிடம் இது எவ்வளவு என்று படம் போட்டுக் காட்டுகிறது. 2008லிருந்து 2015 வரை நடந்த ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தில் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் வரிசை இருக்கிறது. நம் மொழிக்காரர்கள் உண்டா என்று தேடினேன். எஸ்.டி.யு. என்ற மூன்றெழுத்தில் இருந்தார்கள். 'ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர்'. மேற்கு ஆப்பிரிக்கக் குழுக்கள் சிலவற்றில் இந்த எழுத்து நூற்றுக்குப் பத்தைத் தாண்டுகிறது. இந்தியாவின் ஆதிவாசிகளைத் தேடினால் அந்த 26ல் ஒருவரும் இல்லை. இந்தியாவில் அரிவாள் செல்லை முதலில் கண்டதே 1952ல் நம்ம நீலகிரியில்தான், லேமனும் கட்புஷும் மலைமக்களிடம் ரத்தம் எடுத்து எழுதினார்கள். அந்த நீலகிரிக்கு அந்தப் படத்தில் இடமில்லை. 2018ல் அமெரிக்க ஆய்வாளர் இருவர், திட்டங்களில் ஏற்கெனவே கிடந்த வரிசைகளை வைத்தே, இந்த மாற்றம் ஏறத்தாழ 7,300 வருஷத்துக்கு முன் ஆப்பிரிக்காவில் ஒரே ஒரு தடவை தோன்றிப் பரவியது என்று எழுதினார்கள். அதுவரை இந்தியாவிலும் அரபு நாட்டிலும் இருப்பது தனியாகத் தோன்றியது என்றுதான் பேச்சு. அவர்கள் சொல்வது நிலைத்தால், நீலகிரிப் பணியரும் அமெரிக்கக் கறுப்பரும் என்றோ பிரிந்த ஒரு முன்னோரின் ஓர் எழுத்தைச் சுமக்கிறார்கள்.

கறுப்பர்கள் அந்த எழுத்துக்குப் பட்ட பாட்டை நாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். லைனஸ் பாலிங், இரண்டு நோபல் பரிசு வாங்கியவர், அரிவாள் செல் என்பது மூலக்கூறு நோய் என்று 1949ல் காட்டியவர். அணுகுண்டுச் சோதனைக்கு எதிராகப் போராடிய நல்ல மனுசன். அவர் 1968ல் என்ன எழுதினார் தெரியுமா? இந்த மரபணு உள்ள ஒவ்வொரு இளைஞரின் நெற்றியிலும் பச்சை குத்திவிட வேண்டும், அப்போது இரண்டு கேரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததும் தெரிந்துகொண்டு காதலிக்காமல் விலகிவிடுவார்கள் என்று. நெற்றியில்! நம்ம ஊரில் நெற்றியில் யார் எதைப் போட்டுக்கொண்டார்கள், யார் கழுத்தில் கலயம் கட்டிவிடப்பட்டது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். நல்லெண்ணத்தோடு வருகிற முத்திரையும் முத்திரைதான். பிறகு பல மாநிலங்கள் கறுப்பர்களைக் குறிவைத்துக் கட்டாயப் பரிசோதனைச் சட்டம் போட்டன. கேரியரையும் நோயாளியையும் போட்டுக் குழப்பினார்கள். வேலையிலும் காப்பீட்டிலும் கேரியர்களை ஒதுக்கினார்கள். விமானப்படை அகாதெமி 1981 வரை கேரியர்களைச் சேர்க்கவில்லை.

கறுஞ்சிறுத்தைகள் வேறு மாதிரி செய்தார்கள். அரசாங்கத்துக்குக் காத்திராமல் 1971ல் தாங்களே பரிசோதனை இயக்கம் தொடங்கினார்கள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம். தங்கள் ஆட்களே எடுத்து, தங்கள் ஆட்களுக்கே விளக்கிச் சொன்னார்கள். அடுத்த வருஷம் அமெரிக்க அரசு தேசிய அளவில் சட்டம் கொண்டுவந்தது. அதே 1972ல்தான் பம்பாயில் தலித் சிறுத்தைகள் பிறந்தது, அந்தப் பெயரை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டு. பெயரையும் கோபத்தையும் கவிதையையும் எடுத்துக்கொண்டோம். அந்த ஊசியையும் கண்ணாடித் தகட்டையும் எடுத்துக்கொண்டோமா என்பது என் கேள்வி. ஏனென்றால் இது நம் நோயும்தான். ஆதிவாசிகளிடம் மட்டுமில்லை, நாக்பூர் வட்டாரத்தில் மகர் மக்களிடமும் அரிவாள் செல் கணிசமாக உண்டு. பாபாசாகேப் 1956ல் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவிய மண் அது.

இனி அக்கா மகளின் கேள்விக்கு வருகிறேன். ஜீன்ல சாதி இருக்குமா? பீட்டா சங்கிலியில் இல்லை. 444 எழுத்தை வைத்துக்கொண்டு இவர் இன்ன சாதி என்று எந்தப் பிளாஸ்டும் சொல்லாது. ஆனால் சாதி டி.என்.ஏ.வில் ஒரு தடத்தை விட்டிருக்கிறது. வெளியே கலியாணம் கட்டாதே என்று கதவைச் சாத்தின தடம். மேற்கு வங்காளத்துக் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபுத்தொகுதி நிறுவனத்தார் 2016ல் 20 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 367 பேரின் வரிசையை ஆராய்ந்து எழுதினார்கள். அந்தப் பட்டியலில் ஐயர் உண்டு, பள்ளர் உண்டு, இருளர், பணியர் உண்டு, எல்லாரும் மூன்றெழுத்துச் சுருக்கமாக. அவர்கள் கண்டது, ஒரு காலம் வரைக்கும் எல்லாரும் கலந்தே இருந்திருக்கிறார்கள், ஏறக்குறைய 70 தலைமுறைக்கு முன்னால் மேல்சாதிகளில் அந்தக் கலப்பு சட்டென்று நின்றிருக்கிறது. குப்தர் காலத்தையொட்டி. இதற்குச் சரியாக நூறு வருஷம் முன்னால், 1916 மே 9ஆம் தேதி, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் கட்டுரை படித்தார். சாதியின் சாரம் அகமணம்தான், கலந்து கிடந்த மக்கள் மேல் அகமணத்தைக் கொண்டுவந்து சுமத்தியதுதான் சாதி என்று. அவரிடம் பிளாஸ்ட் இல்லை, ரத்தக் குழாய் இல்லை.

அரிவாள் எழுத்து எந்தச் சமூகத்துக்குள் நுழைந்ததோ அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவதற்கு இந்தச் சாத்தின கதவும் ஒரு காரணம். கொசு கொண்டுவந்தது பாதி, கதவு காத்து வைத்தது பாதி. 'ஜீன்லயே வரணும்' என்ற ஆசிரியருக்கு அக்கா மகள் இதைத் தன் வீட்டுப்பாடத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். அவர் அதற்கு மதிப்பெண் போடவில்லை, அடிக்கவும் இல்லை.

சாதிப் பட்டியல் போட்ட மரபணு ஆய்வுகளைப் பார்த்து நம் தோழர்கள் சிலர் துள்ளுகிறார்கள். நாங்கதான் பூர்வகுடி, விஞ்ஞானமே சொல்லிடுச்சி என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாதி இனப்பிரிவு இல்லை என்று 1936லேயே அம்பேத்கர் அடித்துச் சொல்லிவிட்டார். பூர்வகுடி என்பதால்தான் எனக்குக் கிணற்றில் தண்ணீர் மொள்ள உரிமை என்றால், நேற்று வந்தவனுக்குக் கிடையாதா? ரத்தத்தை வைத்து ஆரம்பிக்கிற எந்தப் பேச்சும் நமக்கு நல்லதாக முடிந்ததில்லை.

இன்னொரு பெண்ணைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹென்ரியெட்டா லேக்ஸ். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1951ல் கருப்பை வாய்ப் புற்றுநோயில் செத்துப்போன 31 வயதுக் கறுப்பினத் தாய். புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்த குடும்பம். கேட்காமலே எடுத்த அவருடைய திசு, ஹீலா என்ற பெயரில் உலகத்து ஆய்வுக்கூடங்களிலெல்லாம் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. 1970களில் அதே இடத்து ஆய்வாளர்கள் அவர் பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்தபோது, தங்களுக்கும் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்றே அவர்கள் நம்பினார்கள். 2013 மார்ச்சில் ஜெர்மனியில் ஒரு குழு ஹீலாவின் முழு வரிசையையும் படித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டுவிட்டது. அவருடைய பேரப்பிள்ளைகளின் உடம்பு ரகசியமும் அதில் இருக்கிறதே என்று யாரும் குடும்பத்தைக் கேட்கவில்லை. எதிர்ப்பு வந்ததும் எடுத்தார்கள். அந்த ஆகஸ்டில் ஓர் ஒப்பந்தம் ஆனது. வேண்டுகிறவர்கள் விண்ணப்பிக்க வேண்டும், முடிவு செய்கிற குழுவில் குடும்பத்தார் இரண்டு பேர் இருப்பார்கள். வாசல் திறந்து கிடப்பதைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டவள்தான் நான். யார் வீட்டு வாசல் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. இப்போது நம் அரசாங்கமும் 83 மக்கள் குழுக்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் வரிசையைப் படித்து பரிதாபாத்தில் ஒரு களஞ்சியத்தில் வைத்திருக்கிறது. 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்தார்கள். அனுமதி கொடுக்கிற மேசையில் அந்த 83 பேரின் ஆட்கள் உட்கார வேண்டும் என்று நாம் கேட்க வேண்டாமா?

2023 ஜூலை 1 அன்று மத்தியப்பிரதேசம் ஷாதோலில் அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கினார்கள். 40 வயது வரைக்கும் 7 கோடி பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் ஒழிப்பது. பரிசோதித்தவர்களுக்கு நிறம் பிரித்த அட்டை. பரிசோதனை வேண்டும்தான், எனக்கு அதில் சந்தேகமில்லை. குழந்தையிலேயே தெரிந்தால் உயிரைக் காப்பாற்றலாம், ஹைட்ராக்சியூரியா என்ற மலிவான மாத்திரை வலியைக் குறைக்கும். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் மரபணுவைத் திருத்துகிற சிகிச்சைக்கே அனுமதி கிடைத்துவிட்டது, ஒரு நோயாளிக்கு 22 லட்சம் டாலர். நமக்கு முதலில் அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தட்டில்லாமல் கிடைத்தால் போதும்.

போன வருஷம் நானும் அக்கா மகளும் கூடலூர்ப் பக்கம் ஒரு பணியர் குடியிருப்புக்குப் போனோம். தோழர்கள் கூப்பிட்டிருந்தார்கள். தேயிலைத் தோட்ட வேலை முடிந்து பெண்கள் வந்து உட்கார ஏழு மணியாயிற்று. பணிய மொழியும் மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு. ஒரு பெண்ணுக்குப் பேசி முடித்த கலியாணம் நின்றுபோயிருந்தது. அவள் அட்டையில் கேரியர் என்று இருந்ததாம். நோய்க்காரி வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

அக்கா மகள் புளியங்கொட்டை கேட்டு வாங்கினாள். நாலு கொட்டை. ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கினது இரண்டு, தேய்க்காதது இரண்டு. தாயம் ஆடுகிற மாதிரி தரையில் வைத்தாள். அம்மாவுக்கு ஒரு வெள்ளை ஒரு கருப்பு, அப்பாவுக்கு ஒரு வெள்ளை ஒரு கருப்பு. ஆளுக்கு ஒன்று எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். எத்தனை விதமாகக் கொடுக்கலாம் என்று அவர்களையே எடுக்கச் சொன்னாள். நாலு விதம். அதில் ஒன்றில்தான் இரண்டும் வெள்ளை, அதுதான் நோய். ஒவ்வொரு பிள்ளைக்கும் மறுபடி முதலிலிருந்து இதே ஆட்டம். பிறகு அப்பாவின் வெள்ளையை எடுத்துவிட்டு இரண்டு கருப்பு வைத்தாள். எத்தனை தடவை எடுத்தாலும் இரண்டு வெள்ளை சேரவில்லை. பெண்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள்.

ஒரு பெண் அக்கா மகளிடம் கேட்டாள், அந்தக் கம்ப்யூட்டர்ல எங்க பேரு இருக்கா என்று. பேர் இருக்காது, பணியர் என்று மூன்றெழுத்தில் ஓர் ஆய்வில் இருக்கிறது, யாரிடம் எடுத்தார்கள் என்று அதில் போடவில்லை என்றாள் அவள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எங்க ஆத்தாவாத்தான் இருக்கும், அவகிட்டத்தான் வந்து வந்து குத்துவாங்க என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

கலியாணம் நின்ற பெண்ணின் பாட்டி அதுவரைக்கும் பேசாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கொட்டையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைப் பையனுக்குக் குத்திப் பார்த்தாங்களா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. முகாம் நடந்த அன்று அவன் மரம் ஏற்றுகிற லாரியில் போயிருந்தான் என்று யாரோ சொன்னார்கள். அப்படின்னா அவனும் அட்டை எடுத்துக்கிட்டு வரட்டும், அப்புறம் யாரு வேணாங்கறதுன்னு பேசிக்கலாம் என்றார் பாட்டி. அடுத்த முகாம் எப்போது என்று சுகாதார நிலையத்தில் கேட்டோம். இன்னும் தேதி சொல்லவில்லை.